பேஸ் கிட்டாரில் பிக்கப் மாற்றுவது எப்போது, எப்படி? தங்கச்சிமடம் நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவர். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம்; பிரிட்ஜ் என்பது கருவியின் உடலில் தந்திகளின் அடிமுனை பூட்டியிருக்கும் பாகம். அவர் கேட்டிருப்பது இதுதான்: “என்னுடைய பேஸ் கிட்டார் நான்கு தந்திகள் கொண்ட ஜாஸ் பேஸ் வகை. அதில் இரண்டு பிக்கப்புகள் உள்ளன. பிரிட்ஜை ஒட்டிய பிக்கப்பின் ஒலி சில மாதங்களாக மெலிந்து, கனம் இல்லாமல் கீச்சென்று கேட்கிறது. வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. பிக்கப்பை மாற்றச் சொல்கிறார்கள். எதை வாங்க வேண்டும்? நானே மாற்றலாமா? தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. புதிய பிக்கப் போட்டால் அதுவும் நின்றுவிடுமா?”

தம்பி, நீங்களே மாற்றலாம். சால்டரிங் பிடிக்கப் பழகிய கை இருந்தால், அரை நாளில் முடிகிற வேலைதான். ஆனால் பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் இருக்கிற எந்தக் கருவியிலும், பிக்கப் மீது பழி போடுவதற்கு முன்னால், அதைச் சுற்றியுள்ள எல்லா இணைப்புகளையும் உப்பு என்ன செய்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த அதே காற்றுதான் உங்கள் பேஸ் கிட்டாரின் உள்ளேயும் போய் வருகிறது. காற்றோடு வந்து படியும் உப்புத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உடையது என்பதால், மழை இல்லாத நாளிலும் உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும்.

உங்கள் கேள்வியில் இரண்டு அறிகுறிகள் கலந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். திருகும்போது கரகரப்பது பிக்கப்பின் குறை அல்ல. அது வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே இருக்கும் கார்பன் பாதையில் அழுக்கும் உப்பும் சேர்ந்ததன் குறை. மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அந்தக் கன்ட்ரோலின் சிறு திறப்பு வழியாகக் கொஞ்சம் தெளித்து, இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். துருப்பிடித்த திருகாணிகளுக்குத் தெளிக்கும் சாதாரண எண்ணெயை அதற்குள் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபிளைச் செருகும் துளையான ஜாக்கின் உட்புறத் தகடும் கறுத்திருக்கும். அதையும் துடைத்து, கேபிளை மாற்றிப் போட்டு ஒருமுறை கேளுங்கள்.

ஒலி மெலிந்து கீச்சென்று கேட்பது வேறு விஷயம். அது உண்மையிலேயே பிக்கப்பின் உயிர் போவதைக் காட்டக்கூடிய அறிகுறி. பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட செப்பு ஒயர்தான். அந்த ஒயரின் பருமன் பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டர் அளவு, அதாவது நம் தலைமுடியின் பருமன். பழைய முறைப்படி செய்யப்படும் பிக்கப்புகளில் அந்த ஒயர் நேரடியாகக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும்; இடையில் ஒரு வார்னிஷ் பூச்சு மட்டும்தான் இருக்கும். அந்தத் தண்டுகள் பெரும்பாலும் அல்நிகோ என்ற கலப்புலோகக் காந்தம்; அதில் இரும்பு உண்டு. ஆகவே அது துருப்பிடிக்கும், துரு பூச்சை உடைக்கும், அதன்பின் ஒயரை அரிக்கும். ஒயர் ஓரிடத்தில் அறுந்தாலும் ஒலி உடனே முழுமையாக நின்றுவிடாது. அறுந்த இடத்துக்கு இருபுறமும் நெருக்கமாக இருக்கும் சுற்றுகளுக்கு இடையே உள்ள மின்தேக்கத் தன்மை வழியாக உயர்ந்த அதிர்வெண்கள் மட்டும் தாண்டி வந்துவிடும், தாழ்ந்தவை வராது. நீங்கள் சொல்லும் கனமற்ற கீச்சொலி இதனால் இருக்கலாம்.

இதை ஊகிக்காமல் அளந்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். பிக்கப்பிலிருந்து வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் ஹாட் ஒயரை, அதாவது ஒலிச் சைகையைக் கொண்டுபோகும் ஒயரை, கழற்றிவிட்டு, அந்த ஒயருக்கும் அதன் கிரவுண்ட் ஒயருக்கும் இடையே அளவெடுங்கள். கழற்றாமல் அளந்தால் கன்ட்ரோல்களின் மின்தடையும் கலந்து கணக்கைக் குழப்பும். ஜாஸ் பேஸ் வகைப் பிக்கப் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 7 முதல் 8 கிலோ ஓம் காட்டும். பிரசிஷன் என்ற இன்னொரு பேஸ் வகையில் 10 முதல் 12 வரை இருக்கும். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். எண் சரியாக இருந்தால் பிக்கப் பிழைத்தது. பற்று விட்டுப்போன இணைப்பைத் தேடுங்கள். தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்து சிறிது கூடிக் காட்டினால் கலங்க வேண்டாம். செம்பின் மின்தடை பத்து டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 4 சதவீதம் உயரும். நம் ஊர் சித்திரை வெயிலில் அளந்தால் எண் கூடத்தான் செய்யும்.

சுருள் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் மரபுப்படி இரண்டு பிக்கப்புகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. கழுத்துப் பக்கத்தது சுமார் 92 மில்லிமீட்டர், பிரிட்ஜ் பக்கத்தது அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். ஆனால் குறைந்த விலையில் வரும் பல கருவிகளில் இரண்டு இடத்துக்கும் ஒரே அளவைப் போட்டிருப்பார்கள். ஆகவே பெயரை நம்பாமல், பழைய பிக்கப்பைக் கழற்றி எஃகு ஸ்கேலால் அதன் உறையையும், அது அமர்ந்திருந்த குழியையும் அளந்து குறித்துக்கொண்டு பிறகு கேளுங்கள். மரத்தைச் செதுக்கிப் பொருத்தும் வேலையில் இறங்க வேண்டாம். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கிற கருவியாக இருந்தால், பேட்டரியைப் புதிதாகப் போட்டுப் பார்த்த பிறகே மற்ற யோசனை.

அடுத்தது துருவம். இதைத்தான் பலரும் கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜாஸ் பேஸின் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள் உடையது. அது தந்தியின் அதிர்வை மட்டுமல்ல, டியூப்லைட், மின்மாற்றி, ஒயரிங் ஆகியவற்றிலிருந்து வரும் இரைச்சலையும் பிடிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த இரைச்சல் பேஸ் வாசிக்கும் எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. இதைத் தவிர்க்க, ஒரு பிக்கப்பின் காந்தத் துருவத்தையும் சுற்றும் திசையையும் மற்றதற்கு நேர்மாறாக வைத்திருப்பார்கள். தந்தியின் ஒலி காந்தம், சுற்று இரண்டையும் பொறுத்தது என்பதால் இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, ஒலிகள் கூடுகின்றன. இரைச்சல் சுற்றும் திசையை மட்டுமே பொறுத்தது என்பதால், இரண்டு வால்யூமையும் சமமாக முழுதும் திறக்கும்போது அது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. நீங்கள் ஒரே ஒரு பிக்கப் வாங்கி, அதன் துருவம் மீதமுள்ளதைப் போலவே அமைந்துவிட்டால், இந்த நன்மை போய்விடும். எந்த ஒயரை எப்படி மாற்றினாலும் அது திரும்பி வராது.

துருவத்தை அறிய, படகில் வைத்திருக்கும் காம்பஸே போதும். நல்ல நிலையில் இருக்கும் பிக்கப்புக்கு மேலே சற்றுத் தள்ளிப் பிடித்து, முள்ளின் எந்த முனை அதை நோக்கித் திரும்புகிறது என்று பாருங்கள். மிக அருகில் கொண்டுபோனால் காம்பஸின் முள்ளே கெட்டுவிடும். புதியது அதற்கு எதிர்த் துருவமாக இருக்க வேண்டும் என்று விற்பவரிடம் தெளிவாகக் கேளுங்கள். அவரால் உறுதி சொல்ல முடியாவிட்டால், இரண்டும் சேர்ந்த இணையாக வாங்குவதே நல்லது. செலவு கூடும் என்பது தெரியும். ஆனாலும், ஒரே காற்றில் அதே காலம் இருந்த இன்னொரு பிக்கப்பும் வெகுநாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. நம் கரைக்கு எது நல்லது என்று கேட்டால், காந்தத் தண்டுகள் வெளியே தெரியாமல் முழுதும் மூடி, உள்ளே எபாக்சி நிரப்பியவற்றையே நான் பரிந்துரைப்பேன். ஒலியில் அந்தப் பழைய கூர்மை கொஞ்சம் குறையலாம். பாடகர் குழுவுக்குப் பின்னால் வாசிக்க அது எந்தக் குறையும் அல்ல. மெழுகில் தோய்த்தவை கிடைத்தாலும் சரி, ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்த மெழுகு இளகிவிடும்.

இனி மாற்றும் முறை. தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகள் துருவேறி இறுகியிருக்கும். பலவந்தமாகத் திருகினால் தலை தேய்ந்துவிடும். சால்டரிங் அயர்னின் சூட்டை ஒரு நிமிடம் அவற்றின் தலையில் வைத்துப் பிறகு திருகுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும், அதன் நுனி சுருளில் பட்டால் புதிய பிக்கப்பும் அப்போதே போய்விடும். ஹாட் ஒயர் வால்யூம் கன்ட்ரோலின் பழைய காலிலேயே சேர வேண்டும். கிரவுண்ட் ஒயர் கன்ட்ரோலின் முதுகில். அந்த முதுகு சூட்டை உறிஞ்சும் என்பதால், மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, 40 வாட்டுக்குக் குறையாத அயர்னால் பற்றவையுங்கள். பிக்கப்பிலேயே ஒயர் இணையும் முனைகளில் மட்டும் மூன்று நான்கு விநாடிக்கு மேல் சூடு காட்டக் கூடாது, மெல்லிய ஒயர் அங்கேதான் முடிகிறது. அடியில் இருக்கும் பஞ்சு பொடிந்து போயிருந்தால் புதிதாக வைத்துவிடுங்கள்.

குழிகளுக்குச் செப்புத் தாள் ஒட்டி இரைச்சலைக் குறைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக வரும் ஓரங்களில் ஒரு துளி ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள், பசையை மட்டும் நம்பினால் உப்பு அதையும் பிரித்துவிடும். அந்தத் தாள் ஜாக்கின் ஹாட் முனையைத் தொடக் கூடாது.

தந்தி பூட்டிய பிறகு இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வாசியுங்கள். தனித்தனியாக நன்றாக ஒலித்து, சேர்ந்தால் அடித்தளம் காணாமல் போனால், இரண்டும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன, அதாவது இரண்டின் ஒலி அலைகளும் நேர்மாறாக அசைந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. புதிய பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீரும். உயரத்தை, கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்தியபடி, தடித்த தந்திப் பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2.5 என்று தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள். மிக அருகில் உயர்த்தினால் காந்தம் தந்தியையே இழுத்து, சுருதி தடுமாறும்.

கடைசியாக ஷாக். தம்பி, இதை எல்லாவற்றையும் விட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பை மாற்றினால் இது நிற்காது. உங்கள் தந்திகள் பிரிட்ஜின் அடியில் செல்லும் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லாமலோ அதில் கசிவு இருந்தோ, மைக் எர்த் உள்ள மிக்சரில் இருந்தால், அந்த மின்சாரம் உங்கள் கை வழியாக உதட்டுக்குப் போகிறது. இன்று சுரீரென்று அடிப்பது, நாளை உள்ளே ஒரு பழுது வந்தால் உயிரைப் பறிக்கும். பிரிட்ஜ் ஒயரை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு, அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் பழுது அப்படியேதான் இருக்கும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொடுங்கள். சுழியத்தை ஒட்டிக் காட்டாமல் கூடுதலாகக் காட்டினால் அன்று வாசிக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரும் மிக்சரும் ஒரே போர்டில், மூன்று பின் பிளக்கில் இருக்கட்டும். கோயிலின் எர்த் குழியையும் அதன் கிளாம்ப்பையும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். மணலும் உப்பும் சேர்ந்த நம் நிலத்தில் அவை கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப்போயிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்த போர்டுக்கு வைத்துவிடும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வைக்கும்போதும் இதே அளவை மீண்டும் எடுத்துவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.