73 விழுக்காட்டில் நின்ற காப்புநகல்

வணக்கம், நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். பேச அழைத்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் பார்த்ததையே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

அந்த வீட்டு அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது அல்லவா, அதிலிருந்து தொடங்கி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கப்பல் பதிவேடுகள், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த காலனி எண்கள், தாத்தா ஆயா படங்கள் எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார். இரவில் காப்புநகல், அதாவது பேக்கப், தானாக ஓடும். 73 விழுக்காட்டில் நின்றுவிடும். மென்பொருளை மாற்றினார். நகலை வைக்க, கணினிக்கு வெளியே இணைக்கும் புது டிஸ்க்கும் வாங்கினார். மறுபடியும் 73. "புது டிஸ்க்கும் சரியில்லை, தம்பி" என்றார்.

கோளாறு கணினிக்குள் இருந்த பழைய டிஸ்க்கில்தான், அதாவது படங்களும் பதிவேடுகளும் இருந்த தட்டில்தான் இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்தாது. நாம் அன்றாடம் திறப்பது பத்துப் பதினைந்து கோப்புகள். மற்றவை தொடுவாரின்றிக் கிடக்கின்றன. முழு நகல் எடுக்கும் மென்பொருள்தான் பருக்கை பருக்கையாகப் பார்க்கிறது. கல் அகப்பட்ட இடத்தில் நிற்கிறது. பழியை அதன் மேல் போடுகிறோம்!

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 'டிஸ்க்' என்ற பெயரில் வரிசையாக எண் 7. தட்டில் படிக்க முடியாத இடம் இருக்கிறது என்று அதற்குப் பொருள். பக்கத்திலேயே ஹார்ட்டிஸ்க் 0 என்றும் இருந்தது. அந்த வீட்டில் அது கணினிக்குள் இருந்த தட்டு.

அடுத்து, தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியல். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. நான் முதலில் தேடுவது 199, கேபிள் வழியே தரவு போய்வரும்போது நேர்ந்த பிழைகளின் கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சில ராண்ட் செலவில் வேலை முடிந்துவிடும். இங்கே 199 அசையவில்லை. 197இல் 48 என்று நின்றது. படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது தட்டின் சிறு கட்டங்கள், அத்தனை.

அவை எல்லாமே செத்த செக்டர்கள் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர் லோட் ஷெடிங்கை, அந்த முறைவைத்த மின்வெட்டை, நினைத்துப் பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், தட்டின் முள் சுழற்சியில் மிஞ்சிய விசையைக் கொண்டே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் பாதி எழுதிய செக்டரின் சரிபார்ப்புக் குறி பொருந்தாமல் போய்விடலாம். அந்த இடத்தில் மறுபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அது ஆறிய வடு. நாளுக்கு நாள் 197உம், மாற்றிடம் கொடுத்த செக்டர்களைக் காட்டும் 5உம் ஏறினால், தட்டு சாகக் கிடக்கிறது. அம்மாவின் தட்டில் மறுநாள் காலை 48 என்பது 61 ஆகியிருந்தது.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவற்றை அவருடைய பேரனும் செய்யப் பார்த்தான். தட்டைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை '/ஆர்' சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டு எண்டரில் விரலை வைத்திருந்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். அது தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் உழும். மூச்சு வாங்குகிறவரை மாடியேறச் சொல்வது போன்ற வேலை. முதலில் உள்ளதை வெளியே எடுக்க வேண்டும், பழுதுபார்ப்பது பிறகு.

விண்டோஸுக்குப் பதில் பென் டிரைவில் இருந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கொண்டு கணினியைக் கிளப்பி, பழைய தட்டில் உள்ளதை வேறொரு புதுத் தட்டுக்கு நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். அதன் குணம் எனக்குப் பிடிக்கும். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். கரடுமுரடான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இருந்தாலும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

காலையில் பார்த்தால், ஒரு கல்யாணப் படத்தின் கீழ்ப்பாதி மட்டும் சாம்பல் நிறம். மற்றவை எல்லாம் வந்துவிட்டன. அந்தப் புதுத் தட்டைக் கணினிக்குள் பொருத்தி, காப்புநகலை ஓட்டினேன். 73 கடந்தது, 100 வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உட்காருங்கள், தம்பி. அந்த நகலிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டிவிட்டுப் போங்கள்" என்றார் அம்மா. அவரே தேர்ந்தெடுத்தது ட்ரூரோ பதிவேட்டின் மூன்றாம் பக்கம். திறந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை படித்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேநீர் வந்தது.