சனிக்கிழமை இரவும் பிபிசியும்: 13 மாதம் மட்டும் வாழ்ந்த ஒரு செய்திக் கிண்டல் நிகழ்ச்சி

[திரையில்: கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ. ஒரு கேமராவின் பார்வையில் இன்னொரு கேமரா.]

வணக்கம். இந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கேமரா தெரிகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகும் ஆள் தெரிகிறார். தலைக்கு மேலே மைக், தரையில் வயர். 1962-இல் டிவியில் இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தப்பு. யாராவது திட்டு வாங்குவார்கள். ஆனால் இந்த நிகழ்ச்சியைத் தயாரித்து இயக்கிய நெட் ஷெரின் இதை வேண்டுமென்றே காட்டினார். இது ஸ்டூடியோ, இது நேரலை, உங்களிடம் மறைக்க எதுவும் இல்லை என்று பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருந்தது அந்தப் படம்.

பிரிட்டனின் பிபிசி டிவியில் சனிக்கிழமை இரவுகளில் வந்த அந்த நிகழ்ச்சியின் பெயர் 'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்'. நம் பேச்சில் சொன்னால், 'போன வாரம் இப்படித்தான் போச்சு'. பெயர் நீளம் என்பதால் எல்லோரும் டி டபிள்யூ த்ரீ என்று சுருக்கிவிட்டார்கள். முதல் எபிசோட் 1962 நவம்பர் 24. கடைசி எபிசோட் 1963 டிசம்பர் 28. நடுவில் ஐந்து மாத இடைவெளி வேறு. இவ்வளவு குறுகிய காலத்தில் முடிந்துபோன நிகழ்ச்சியைப் பற்றி அறுபது வருடம் கழித்தும் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது.

[திரையில்: பார்லிமெண்ட் கட்டடம்.]

அதற்கு முன்பு பிபிசி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1950-களின் நடுப்பகுதி வரை அங்கே '14 நாள் விதி' என்று ஒன்று இருந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் பார்லிமெண்டில் விவாதத்துக்கு வரப்போகிற எந்த விஷயத்தையும் ரேடியோவிலோ டிவியிலோ விவாதிக்கக் கூடாது. 1956 கடைசியில்தான் அது ஒதுக்கிவைக்கப்பட்டது. பிரதமரை, மந்திரியை, பெயர் சொல்லி டிவியில் கிண்டல் செய்வது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம்.

அந்த இடத்துக்கு 1960-இல் தலைமை இயக்குநராக வந்தவர் ஹ்யூ கார்ல்டன் கிரீன். 1930-களில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு நிருபராக பெர்லினில் இருந்தவர். ஹிட்லர் ஆட்சி வளர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர், 1939-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாத ஊர் எப்படி ஆகும் என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, நிகழ்ச்சியை யார் கையில் கொடுத்தார்கள்? நகைச்சுவை, பாட்டு, ஆட்டம் எல்லாம் பார்க்கும் பொழுதுபோக்குப் பிரிவிடம் கொடுக்கவில்லை. நடப்புச் செய்தி நிகழ்ச்சிகளைச் செய்துகொண்டிருந்த பிரிவிடம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த நிகழ்ச்சியின் உயிர்நாடியே இந்த முடிவுதான். அவர்கள் ஜோக்கைத் தேடிப் போகவில்லை. தகவலைத் தேடிப் போனார்கள். தகவலைச் சரியான வரிசையில் அடுக்கினால் சிரிப்பு தானாக வரும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

[திரையில்: கையில் காகிதங்களோடு ஓர் இளைஞர்.]

தொகுப்பாளர் டேவிட் ஃப்ராஸ்ட். அப்போது வயது 23. பின்னாளில் 1977-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் நிக்சனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாரே, அதே ஃப்ராஸ்ட். தொடக்கப் பாட்டைப் பாடியவர் மில்லிசென்ட் மார்ட்டின். மெட்டு ஒன்றுதான், வரிகள் மட்டும் அந்தந்த வாரச் செய்தியை வைத்துப் புதிதாக எழுதப்படும். டிமொதி பேர்ட்சால் என்ற கார்ட்டூனிஸ்ட் கேமரா முன்னாலேயே வரைந்துகொண்டே பேசுவார். முதல் சீசன் முடிந்த சில வாரங்களில், 1963 ஜூனில், 27 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் பெயரை இன்று அதிகம் பேர் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இனி உதாரணம். மதங்களைப் பற்றி ஒரு ஸ்கிட். எந்த சலவை இயந்திரம் வாங்கலாம், எந்த ஹீட்டர் நல்லது என்று சோதித்துச் சொல்லும் நுகர்வோர் பத்திரிகைகள் அப்போது பிரிட்டனில் புதிது. அதே நடையில் மதங்களை வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். இதில் நீங்கள் என்ன போடுகிறீர்கள்? பதிலுக்கு என்ன கிடைக்கிறது? செலவு எவ்வளவு? கடைசியில், வாங்குவதற்கு உகந்தது சர்ச் ஆஃப் இங்கிலாந்து என்று தீர்ப்பு. பாராட்டுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் மதம் உங்களிடம் ரொம்பக் கொஞ்சமாகத்தான் கேட்கிறது என்று ஒரு நாட்டின் முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தை அது. புகார்கள் குவிந்தன.

உள்துறை அமைச்சர் ஹென்றி புரூக் பட்டது இதைவிடப் பெரிய அடி. ஒரு பிரபலத்தை உட்கார வைத்து அவர் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் டிவி நிகழ்ச்சி ஒன்று அப்போது புகழ்பெற்றிருந்தது. அதே பாணியில் புரூக்கின் வாழ்க்கைக் கதையை எடுத்தார்கள். யாரை நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவிட்டார், எந்தக் காரணத்துக்காக, கடைசியில் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாக வந்தது. கூச்சல் இல்லை, வசை இல்லை. பதிவில் இருக்கும் செய்திகள் மட்டுமே. உள்துறை அமைச்சராக இருந்தால் கொலை செய்துவிட்டுக்கூடத் தப்பிக்கலாம் என்ற வரியோடு முடித்தார்கள். இதைப் போல சபையில் நெடுங்காலம் வாயே திறக்காத எம்.பி.க்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ஸ்கிட் ஒன்றும் உண்டு. எழுதியவர் ஜெரால்ட் காஃப்மன். பிற்பாடு அவரே பல்லாண்டுகள் எம்.பி.யாக இருந்தார்.

எல்லாமே இன்று பார்க்கத் தக்கவை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறவெறியைத் தாக்க ஒரு பாட்டு செய்தார்கள். அதில் வெள்ளைக்காரப் பாடகர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு நின்றார்கள். நோக்கம் சரிதான். ஆனால் அந்தச் சாயத்தை இன்று பார்த்தால் மனசு வலிக்கிறது.

[திரையில்: பெர்னார்ட் லெவின், மேஜை முன்னால்.]

பெர்னார்ட் லெவின் என்று ஒரு பத்திரிகையாளர். சின்ன உருவம், தடித்த கண்ணாடி, கூரான நாக்கு. வாரம் ஒரு தரப்பை எதிரில் வைத்துக்கொண்டு வாதாடுவார். ஒரு நாள் நேரலையில், பார்வையாளர் பக்கமிருந்து உயரமான ஒருவர் நடந்து வருகிறார். லெவினை மரியாதையாக எழுந்து நிற்கச் சொல்கிறார். லெவினும் நிற்கிறார். விட்டார் ஒரு குத்து. வந்தவர் டெஸ்மண்ட் லெஸ்லி. மனைவியின் மேடை நிகழ்ச்சியைப் பற்றி லெவின் எழுதிய விமர்சனத்துக்குப் பழிவாங்க வந்திருந்தார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. லெவின் சுதாரித்துக்கொண்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்.

அப்புறம் நேரப் பிரச்சினை. அன்றைய ஒளிபரப்பில் கடைசி நிகழ்ச்சி இதுதான் என்பதால் முடிய வேண்டிய நேரம் என்று ஒன்று கிடையாது. பத்து நிமிடம் கூடினாலும் கேட்க ஆளில்லை. இதைக் கட்டுப்படுத்த, இரண்டாவது சீசனில் இதற்குப் பின்னால் 'தி தேர்ட் மேன்' துப்பறியும் தொடரின் பழைய எபிசோடுகளைப் போட்டது நிர்வாகம். ஃப்ராஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? அடுத்து வரப்போகும் எபிசோடின் கதையை, முடிவு உட்பட, முன்கூட்டியே வாசித்துவிட்டார். மூன்றே வாரத்தில் அந்தத் தொடரை எடுத்துவிட்டார்கள். அந்தத் தொடரின் மூலப் பாத்திரத்தைப் படைத்த எழுத்தாளர் கிரஹாம் கிரீன் வேறு யாருமில்லை, பிபிசி தலைமை இயக்குநர் ஹ்யூ கிரீனின் கூடப்பிறந்த அண்ணன்.

[திரையில்: பிரதமர் இல்லம், 10 டவுனிங் தெரு.]

ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சி, பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன். நிகழ்ச்சி தொடங்கிய சில வாரங்களிலேயே, ஒளிபரப்புக்குப் பொறுப்பான தபால் துறை அமைச்சர் நடவடிக்கை எடுக்கத் துடித்தார். மேக்மில்லன் அவருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். என்னைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம், யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதைவிட நம்மைப் பார்த்துச் சிரிப்பது மேல் என்பது அதன் சாரம். அவர்கள் வாரா வாரம் கிண்டல் செய்த மனிதர் இவர். இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மனதார மதிக்கிறேன்.

1963 மார்ச்சில் போர்த்துறை அமைச்சர் ஜான் ப்ரொஃபியூமோ தன் தகாத உறவைச் சபையிலேயே மறுத்தார். உடனே மில்லிசென்ட் மார்ட்டின் ஒரு பழைய பாட்டை மாற்றிப் பாடி, நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டார். அமைச்சர் ஜூனில், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அக்டோபரில் மேக்மில்லனும் விலக, ஹோம் பிரபு பிரதமரானார். அதே கட்சியின் பழைய பிரதமர் டிஸ்ரேலி எழுதுவதுபோல் அவருக்கு ஒரு கடிதத்தை ஃப்ராஸ்ட் வாசித்தார். மறுபடியும் புகார் மழை. ஒரு கட்டத்தில் 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்த நிகழ்ச்சி இது. புகார் சொன்னவர்களைவிடப் பார்த்தவர்கள் எத்தனையோ மடங்கு.

1963 நவம்பர் 13. நிகழ்ச்சி வருடக் கடைசியோடு நிறுத்தப்படும் என்று பிபிசி அறிவித்தது. சொன்ன காரணம்: 1964 தேர்தல் ஆண்டு.

[திரையில்: வெறும் மேடை. இசை இல்லை.]

ஒன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி லண்டனுக்கு வந்தபோது சாயங்காலம். மறுநாள் இரவு நிகழ்ச்சி. எழுதி வைத்திருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே இரவில் புதிதாக எழுதினார்கள். வெறும் 20 நிமிடம், ஒரு கிண்டல்கூட இல்லை. மூத்த நடிகை சிபில் தார்ன்டைக் ஒரு கவிதை வாசித்தார். மில்லிசென்ட் மார்ட்டின் புதிதாக எழுதப்பட்ட இரங்கல் பாட்டைப் பாடினார். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் என்பிசி அதை அப்படியே ஒளிபரப்பியது. வாரா வாரம் உண்மையைச் சொல்லிப் பழகியவர்கள் என்பதால்தான் துக்கத்தையும் அவர்களால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே பெயரில் என்பிசி ஒரு பதிப்பை நடத்தியது. 1965 மே மாதத்தோடு அதுவும் முடிந்தது.

ஆனால் அந்த 'தேர்தல் ஆண்டு' காரணத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. நடுநிலை கெட்டுவிடும் என்ற கவலை புரிகிறது. தேர்தல் நேரத்தில் ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அந்தக் கவலை வேண்டியதுதான். ஆனால் தலைவர்கள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று அடுக்கிப் பார்க்க வேண்டிய வருடம் அதுதானே? அடுக்கத் தெரிந்த குழுவை அந்த வருடத்துக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்பியது பெரிய தப்பு.

தேர்தல் 1964 அக்டோபர் 15 அன்று நடந்தது. 13 ஆண்டு கன்சர்வேட்டிவ் ஆட்சி முடிந்து, வெறும் 4 இடப் பெரும்பான்மையில் லேபர் கட்சி வந்தது. அவ்வளவு இழுபறியான அந்தப் பிரச்சாரத்தின் சனிக்கிழமை இரவுகளில், அந்த வாரம் யார் என்ன சொன்னார்கள் என்று எடுத்துக் காட்ட ஃப்ராஸ்டும் மில்லிசென்ட் மார்ட்டினும் அந்த ஸ்டூடியோவில் இல்லை.

[திரையில்: கேமராக்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.]