தானாக் கனிய விடுங்கோ: சின்னனுகளின்ர இங்கிலிசும் எங்கட வாசிகசாலையும்

(எங்கட சனசமூக நிலைய ஆண்டு விழாவில நான் கதைச்சது. கனபேர் எழுத்தில கேட்டவை, அதால கதைச்ச மாதிரியே எழுதியிருக்கிறன்.)

எல்லாருக்கும் என்ர பணிவான வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கிற எங்கட சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினரா இந்த வெயிலுக்குள்ள ஏ9 றோட்டால இறங்கி கிறவல் றோட்டுப் புழுதியெல்லாம் குடிச்சு வந்திருக்கிற வலயக் கல்விப் பணிமனை அதிகாரி ஐயா அவர்களே, சிறப்பு விருந்தினர் எங்கட பள்ளிக்கூட அதிபர் அம்மா அவர்களே, ஆசியுரை வழங்கின குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, கிராம சேவகர் ஜீ.எஸ் ஐயா, கமக்காரர் அமைப்பின்ர செயலாளர் அண்ணை, காலமை நாலு மணிக்கே எழும்பி பொங்கலும் வடையும் செய்து தந்த மாதர் சங்க அக்காமார், முன்பள்ளி ரீச்சர்மார், என்னோட கூடப்பிறந்த சொந்தங்கள் மாதிரி முன்னுக்குப் பாயில இருக்கிற சின்னனுகள், உங்கள் எல்லாருக்கும் வணக்கம். பந்தல் போட்ட பெடியளையும் சொல்லோணும், மைக் செற் தம்பியையும் சொல்லோணும். ஆரையும் விட்டிருந்தா மனசில வைக்காதேங்கோ.

அதிபர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாம போகேலாது. மழைக்காலத்தில பாலத்துக்கு மேலால வெள்ளம் போகேக்கையும் பள்ளிக்கூடத்துக்கு வாற மனிசி அவ. பிள்ளையளுக்கு முதல் அவ வந்து நிப்பா. அம்மாவுக்கு ஒருக்கா பெரிசாக் கைதட்டுங்கோ பாப்பம்.

சரி. எனக்குத் தந்த தலைப்பு சின்னப் பிள்ளையளுக்கு இங்கிலிஸ் படிப்பிக்கிறது எப்பிடி எண்டது. நான் மூண்டு விசயம் கதைக்கப் போறன். ஒண்டு, பிள்ளையின்ர ஆசைக்குப் பின்னால போய்ப் படிப்பிக்கிறது. ரெண்டு, எக்ஸாமுக்கு இதால பாதிப்பு வருமோ எண்டு தாய் தகப்பன் படுற பயம். மூண்டாவது, போனும் யூரியூப்பும்.

எங்கட ஆச்சி அடிக்கடி ஒண்டு சொல்லுவா. தானாக் கனியாததைத் தடி கொண்டு அடிச்சாக் கனியுமோ எண்டு. மாங்காய்க்கு சொன்னாவோ எங்களுக்கு சொன்னாவோ தெரியாது, ஆனா நான் ரீச்சர் வேலைக்கு வந்த நாளில இருந்து இந்த ஒரு பழமொழியத்தான் கையில வைச்சிருக்கிறன்.

எங்கட நாட்டில மூண்டாம் வகுப்பில இருந்து இங்கிலிஸ் பாடம் இருக்கு. ஓ.எல் வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒம்பது வருசம். ஒம்பது வருசம் படிச்ச பிள்ளை, வெளிநாட்டில இருந்து மாமா ஒராள் வந்து உன்ர பேர் என்ன எண்டு இங்கிலிசில கேட்டா தாயின்ர சட்டைக்குப் பின்னால ஒளிக்குது. பிள்ளைக்கு மூளை இல்லாமலோ? இந்தப் பிள்ளையளுக்கு எந்தக் காட்டில எப்ப பாலைப்பழம் பழுக்கும் எண்டு தெரியும், யானை எந்தப் பக்கத்தால வந்தது எந்தப் பக்கத்தால போனது எண்டு அடியப் பார்த்துச் சொல்லும். நாங்கள் அதைக் கேக்கிறேல்ல. "திஸ் இஸ் எ பென்" எண்டு அம்பது தரம் எழுது எண்டுறம்.

இப்ப ஒரு கதை சொல்லப் போறன், தலைவர் ஐயா நேரத்தைப் பாக்காம கொஞ்சம் பொறுக்கோணும்.

என்னட்டப் பின்னேரம் படிக்க வாற பெடியன் ஒருத்தன், ஆறாம் வகுப்பு. பேர் சொல்லேல்ல, அவன் இங்கதான் எங்கயோ இருக்கிறான், வெக்கப்படுவான். அவன் வந்தா கடைசியாத்தான் இருப்பான், குனிஞ்ச தலை நிமிர மாட்டான், வாசி எண்டா கண் கலங்கும். காலபோக உழவு நேரம், ஒரு நாள் பிந்தி வாறான், ரெண்டு கையும் முழங்கை மட்டும் கறுப்பு ஒயில். என்னடா எண்டு கேட்டன். "அப்பான்ர லாண்ட்மாஸ்ரர் உழவு மிசின் ஸ்ராட் வரேல்ல சேர், பைப்புக்குள்ள காத்துப் பிடிச்சிட்டுது" எண்டான். அதுக்கு நீ என்ன செய்தனி எண்டு கேட்டன். அவ்வளவுதான், ஊமை மாதிரி இருந்த பெடியன் எழும்பி நிண்டு கதைக்கிறான். பம்புக்குப் பக்கத்தில இருக்கிற நட்டை லேசா இளக்கோணுமாம், டீசல் நுரை நுரையா வருமாம், நுரை நிண்டு வெறும் டீசல் வரேக்க இறுக்கோணுமாம், பிறகு ஹாண்டிலைப் போட்டுச் சுத்தேக்க ஒரு சின்ன லீவரைப் பிடிச்சிருக்கோணும், வேகம் வந்தோண்ண விடோணும், இல்லாட்டி ஹாண்டில் திருப்பி அடிச்சுக் கை முறிஞ்சிடுமாம். மற்றப் பிள்ளையளெல்லாம் வாயைப் பிளந்து கொண்டு பாக்குதுகள். நான் அவனிட்டச் சொன்னன், கொப்பிய மூடு, நாளைக்கு அப்பாவோட லாண்ட்மாஸ்ரரக் கொண்டு வா எண்டு.

தகப்பன் வந்தார் பாருங்கோ, "சேர், இவன் ஏதும் குழப்படி செய்தவனோ" எண்டு பயந்து கொண்டு. அந்த மனிசனுக்கு ஒரு கதிரையப் போட்டு இருத்தி, பிள்ளையளை மிசினைச் சுத்தி நிக்க விட்டன். அதில எத்தினை இங்கிலிஸ் சொல்லு ஒட்டிக்கிடக்குது எண்டு நினைக்கிறியள்? டீசல் டாங்கில ஒண்டு, கியருக்குப் பக்கத்தில லோ, ஹை, ரிவேர்ஸ், ஆக்சிலேற்றருக்குப் பக்கத்தில ஸ்ராட், ரன், ஸ்டொப், பெல்ட்டுக்குப் பக்கத்தில மஞ்சள் ஸ்ரிக்கர், கோஷன் எண்டு. பாதி அழிஞ்சு போச்சு, அதையும் பெடியன் எச்சில் தொட்டுத் துடைச்சு எழுத்துக் கூட்டுறான். ஒவ்வொரு சொல்லையும் ஒரு சின்ன மட்டையில எழுதி அவன்ர கையில குடுத்தன். பிறகு தகப்பன் ஸ்ராட் பண்ணிக் காட்டினார், கொஞ்ச நேரம் ஓட விட்டு நிப்பாட்டினார். அப்ப மூண்டாம் வகுப்புச் சின்னன் ஒண்டு மெல்லப் போய் சைலன்சரைத் தொட கையை நீட்டிச்சுது. இவன் பாய்ஞ்சு வந்தான், வந்து என்ன சொன்னான் தெரியுமோ? "டோன்ட் ரச்! இற் இஸ் ஹொட்!" எண்டு கத்தினான்.

ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல! நான் தமிழில கத்தவே வாய் திறந்தனான், அவன் எனக்கு முதல் இங்கிலிசில கத்திப்போட்டான்! தகப்பன் கதிரையில இருந்து எழும்பிட்டார். "சேர், இவன் இப்ப என்ன சொன்னவன்?" எண்டு என்னைக் கேக்கிறார், கண்ணெல்லாம் தண்ணி. (கைதட்டல்) இருங்கோ இருங்கோ, கதை முடியேல்ல. அடுத்த கிழமை அவன் ஒரு தாள் கொண்டு வந்தான், லாண்ட்மாஸ்ரர் ஸ்ராட் பண்ணுறது எப்பிடி எண்டு தன்ர கையால எழுதி. "ஃபஸ்ட், ஓப்பின் டீசல். நெக்ஸ்ட், கியர் நியூட்ரல்." எழுத்துப் பிழை இருந்தது, கிறமர் பிழை இருந்தது, நான் சிவப்புப் பேனையைத் தொடவேயில்ல. அவன் "யெஸ்ரடே பெல்ட் பிறேக்" எண்டா நான் "ஓ, த பெல்ட் புரோக் யெஸ்ரடே?" எண்டு திருப்பிக் கேப்பன், அவன் "யெஸ், புரோக்" எண்டுவான். அவ்வளவுதான் திருத்தம். இறந்தகாலம் எண்ட பாடம் அவனுக்கு பெல்ட்டால வந்தது. அவன்ர அம்மம்மா இப்ப ஊரெல்லாம் சொல்லித் திரியிறா, என்ர பேரன் மிசினோட இங்கிலிசில கதைக்கிறான் எண்டு.

தானாக் கனியாததைத் தடி கொண்டு அடிச்சாக் கனியுமோ?

இது நான் கண்டுபிடிச்சதில்ல. நியூசிலாந்தில மாவோரிச் சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்ச சில்வியா ஆஷ்டன் வார்னர் எண்ட ரீச்சர், புத்தகத்தில இருக்கிற சொல்லை விட்டிட்டு ஒவ்வொரு பிள்ளையிட்டயும் இண்டைக்கு உனக்கு என்ன சொல்லு வேணும் எண்டு கேட்டவ. பிள்ளை கேட்ட சொல்லை மட்டையில எழுதி அதின்ர கையிலயே குடுப்பா. அடுத்த நாள் பிள்ளை அந்தச் சொல்லை மறந்திருந்தா மட்டையைத் தூக்கிப் போட்டிடுவா, பிள்ளைக்கு அது முக்கியமில்ல எண்டு. பயம், பாசம் சம்பந்தப்பட்ட சொல்லுகள்தான் பிள்ளையளுக்கு ஒருக்காப் பார்த்ததுமே பிடிபட்டது எண்டு அவ கண்டவ. அது எங்களுக்குத் தெரியாததோ? யுத்தம் முடிஞ்சு 2010ல நாங்கள் மீள்குடியேறி வரேக்க, வளவுக்கு அங்கால சிவப்புப் போட்டில மண்டையோடும் அதுக்குக் கீழ மூண்டு மொழியில அபாயம், மிதிவெடி எண்டும் போட்டிருந்தது. எங்கட சின்னனுகள் டேஞ்சர் எண்ட சொல்லை எந்தப் பள்ளிக்கூடத்திலயும் படிக்கேல்ல, அந்தப் போட்டில படிச்சதுகள்.

ஏன் நியூசிலாந்துக்குப் போவான். நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் எங்கட ஆள்தானே, படிப்பிக்கிறவர் எப்பிடி இருக்கோணும் எண்டு சொல்லேக்க "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து கொள்வோன் கொள்வகை அறிந்து" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். அவசரப்படாதை, கோவப்படாதை, பிள்ளை எப்பிடி எடுத்துக் கொள்ளுமோ அப்பிடிக் குடு. சிலபஸ் முடிக்கிற அவசரத்தில ஓடுற எங்கட ரியூசன் கொட்டில்களில இந்த ஒரு வரிய எழுதி ஒட்டோணும்.

இப்ப ரெண்டாவது விசயம், எக்ஸாம். அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப், ஓ.எல், உங்கட பயம் எனக்கு விளங்குது. நான் சொல்லுறது ஒண்டுதான், தானே கேட்டு வாங்கின சொல்லுகளால வசனம் எழுதப் பழகின பிள்ளைக்கு எக்ஸாம் பேப்பரில வாற கடிதமும் சரி படத்தைப் பார்த்து எழுதுறதும் சரி பெரிய விசயமில்ல. அதைப்பற்றி விரிவாப் பிறகு கதைப்பம்.

ஆனா லாண்ட்மாஸ்ரர்ப் பெடியன் பிறகு என்ன கேட்டான் எண்டு சொல்லோணும். "சேர், மிசினைப் பற்றி இங்கிலிசில புத்தகம் இருக்கோ?" எண்டு கேட்டான். நான் எங்க போவன்? கிளிநொச்சியில ஒரு ஸ்பெயார் பாட்ஸ் கடையில ஒரு பழைய மனுவல் இருந்தது, கெஞ்சிக் கேட்டு போட்டோக்கொப்பி அடிச்சுக் கொண்டு வந்து குடுத்தன். சரி, மற்றப் பிள்ளையளுக்கு? ஒரு பெட்டைப் பிள்ளை கேக்கிறா, இரணைமடுக் குளத்தில வான்கதவு திறந்தா அந்தத் தண்ணி எங்க போகுது எண்டு. கனகராயன் ஆத்தால வாற தண்ணி இரணைமடுவில நிண்டு, மிச்சம் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகுது பிள்ளை எண்டன். அங்க என்ன இருக்கு எண்டா. பறவையள், வடக்குப் பக்கத் தூர தேசங்களில குளிர் தொடங்க அங்க இருந்து வருங்கள் எண்டன். என்ன பறவை, அதுகளுக்கு இங்கிலிசில என்ன பேர், றோட்டு எப்பிடித் தெரியும் எண்டு தொடங்கிட்டா. ஒரு கேள்வி ஒம்பது கேள்வியாப் போச்சு. பறவைப் படம் போட்ட ஒரு இங்கிலிஸ் புத்தகம் அந்த நேரம் அந்தப் பிள்ளையின்ர கையில இருந்திருந்தா அவ ஒரு மாதத்துக்கு அதை வைக்க மாட்டா. அந்தப் புத்தகம் எங்க இருக்கு தெரியுமோ? இந்தா, இந்த மேடைக்குப் பின்னால இருக்கிற கட்டடத்துக்குள்ள, எங்கட வாசிகசாலை அலுமாரிக்குள்ள இருக்கு! வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் பெட்டி பெட்டியா அனுப்பின புத்தகம், பூட்டிக் கிடக்குது!

பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ரியூசனுக்குப் போய் வர நேரம் நாலரை. வாசிகசாலை அப்ப பூட்டு. சனி ஞாயிறும் பூட்டு. பேப்பர் வாசிக்கிற மேசை மட்டும் திறந்து கிடக்குது, அலுமாரித் துறப்பு ஒருத்தரிட்ட. அவரைக் குறை சொல்லேல்ல, புத்தகம் கிழிஞ்சிடும் எண்ட கவலையில நல்ல எண்ணத்தோடதான் பூட்டி வைச்சிருக்கிறார். சீர்காழியில 1892ல பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து நூலகரானவர், 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார். முதலாவது விதியே புத்தகங்கள் பயன்படுத்துறதுக்கு எண்டதுதான். கிழியட்டும்! பிள்ளை வாசிச்சுக் கிழிஞ்ச புத்தகத்தை நான் ஒட்டித் தாறன், கறையான் அரிச்ச புத்தகத்தை ஆர் ஒட்டுறது?

1945ல இந்த நாட்டில இலவசக் கல்வி வந்தது, அப்ப கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா கொண்டு வந்தவர். பள்ளிக்கூடம் இலவசம், ஆனா இண்டைக்கு இங்கிலிசுக்கு எண்டு மாதம் மாதம் ரியூசன் காசு கட்டேலாத தாய்மார் இந்தப் பந்தலுக்குள்ளயே எத்தினை பேர் இருக்கிறியள். 1987ல அரசியலமைப்பில இங்கிலிசை இணைப்பு மொழி எண்டு எழுதி வைச்சினம். கிளிநொச்சியில இருக்கிற பிள்ளைக்கும் மாத்தறையில இருக்கிற பிள்ளைக்கும் இடையில பாலமா வரவேண்டிய மொழி, காசுள்ளவன்ர பிள்ளைக்கு மட்டும் பாலமா இருக்கு. காசில்லாத பிள்ளைக்கு இந்த வாசிகசாலை ஒண்டுதான் இருக்கு. தானாக் கனியாததைத் தடி கொண்டு அடிக்காதேங்கோ எண்டு சொல்லுற நான், கனியிறதுக்கு ஒரு இடமும் தாங்கோ எண்டு கேக்கிறன்.

அதால அதிகாரி ஐயாவையும் ஜீ.எஸ் ஐயாவையும் சாட்சியா வைச்சுக் கேக்கிறன். திங்கள் தொடங்கி ஞாயிறு வரைக்கும் பின்னேரம் நாலரையில இருந்து ஆறரை வரைக்கும் வாசிகசாலை திறக்கோணும். சின்னனுகளின்ர அலுமாரிக்குப் பூட்டு இருக்கக் கூடாது, புத்தகம் பிள்ளையின்ர கைக்கு எட்டிற உயரத்தில கீழ்த்தட்டில இருக்கோணும். ஒரு பெரிய கொப்பி வைப்பம், பிள்ளையள் தங்கட கேள்விய அதில தமிழிலயோ இங்கிலிசிலயோ எழுதட்டும், அந்தக் கேள்வியில இருந்து அடுத்த நாள் பாடத்தை நான் எடுக்கிறன். நான் சம்பளம் கேக்கேல்ல. ஏ.எல் முடிச்சிட்டு றிசல்ட் பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளையள் ஒரு நாளைக்கு ஒராளா முறை வைச்சு இருந்தாக் காணும், இங்கிலிஸ் பெரிசாத் தெரியத் தேவையில்ல, பிள்ளை கேக்கிறதைக் காது குடுத்துக் கேட்டு அதோட சேர்ந்து டிக்சனரி பாக்கத் தெரிஞ்சாக் காணும். லைற் பில் கூடும் எண்டு கமிற்றியில ஒருத்தர் சொன்னவர். கமக்காரர் அமைப்பு அண்ணைமார் இங்க இருக்கிறியள், அறுவடை முடியேக்க ஆளுக்கு ஒரு மரக்கால் நெல்லுத் தாருங்கோ, வருசத்து லைற் பில் அதுக்குள்ள போயிடும்.

தலைவர் ஐயா மணியைப் பாக்கிறார், மூண்டாவது விசயத்துக்கு நேரம் இல்ல, போனைப் பற்றி அடுத்த கூட்டத்தில கதைக்கிறன். வாசலில மேசையில ஒரு தாள் வைச்சிருக்கிறன், பிரதேச சபைக்குக் குடுக்கிற கோரிக்கைக் கடிதம், பேனை நூலில கட்டியிருக்கு. தேத்தண்ணி குடிக்கப் போற வழியில ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போங்கோ. கையெழுத்து வைக்கத் தெரியாத ஆச்சிமார் பேரைச் சொல்லுங்கோ, பக்கத்தில நிக்கிற பிள்ளை எழுதும். அலுமாரித் துறப்பு வைச்சிருக்கிற ஐயாவும் இங்கதான் இருக்கிறார், அவர் முதல் கையெழுத்து வைச்சா எனக்குப் பெரிய சந்தோசம். நன்றி, வணக்கம்.