இலையும் எலையும்

(ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடிய பயிற்சி நாளில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு அப்புறம் பேச விட்டிருக்கிறார்கள், யாராவது கண்ணயர்ந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பாடப்புத்தகத்தை எடுத்தால் மடமடவென்று வாசிப்பான். வருகிற அதிகாரிக்கெல்லாம் அவனைத்தான் எழுப்பி நிறுத்துவேன். ஒருநாள் ஏதோ தோன்றி, "இதில் மழை எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்றேன். அவன் விரல் பக்கம் முழுக்க அலைந்தது, கடைசியில் படத்தில் இருந்த குடையில் போய் நின்றது. பக்கம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஏமாந்தது நான்தான்.

அன்றிலிருந்து பிள்ளைகள் வாசிக்கும்போது அவர்கள் வாயைக் கவனிக்க ஆரம்பித்தேன். இலைப் படத்தைக் காட்டி 'இ' என்கிறோம். பிள்ளை வீட்டில் அதை என்னவென்று சொல்கிறது? 'எல' என்று. அடுத்து எலி படத்தைக் காட்டி 'எ' என்கிறோம். எலையும் எ, எலியும் எ என்றுதானே அதன் காது சொல்லும்? 'உ'னாவுக்கு உரல். அதுவும் வீட்டில் 'ஒரல்'தான், அதுவும் வீட்டில் உரல் இருந்தால். அந்தப் பிள்ளையை மந்தம் என்று சொல்வது நியாயமா? அதன் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் 'இ'க்கு நான் இட்லி வைத்துக்கொண்டேன். இட்லியை யாரும் எட்லி என்பதில்லை.

247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் வாசிப்பு என்றால் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கே போய்விடும். 'ஙா, ஙி, ஙீ' என்று கத்த வைக்கிறோமே, அதை வைத்து எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை வாசிக்கப் போகிறது? 'ங்' ஒன்று போதும், மாங்காயும் தேங்காயும் கைக்கு வந்துவிடும். ப, ட, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். முதல் வாரத்திலேயே 'நான் வாசித்துவிட்டேன்' என்ற ருசி கிடைத்துவிடும்.

கொம்புதான் பெரிய தொல்லை. கண்ணுக்கு முதலில் படுகிறது, வாயில் பிறகு வருகிறது. 'தலை'யைத் 'தைல' என்று வாசித்த பிள்ளைகள் என்னிடம் உண்டு. நடுவில் நிற்கும் கொம்பை முன்னால் இருக்கும் த-வோடு ஒட்டிவிடுகிறார்கள். திட்டிப் பயனில்லை. கொம்பையும் அதற்குரிய எழுத்தையும் ஒரே அட்டையில் சேர்த்து எழுதிக் கொடுங்கள், பிரித்துக் காட்டவே வேண்டாம்.

அப்புறம் இந்தக் 'க'. கடலில் ஒரு ஒலி, தங்கத்தில் ஒன்று, அகலில் இன்னொன்று. எங்கே எது என்று விதி சொல்லி ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது. ஆனால் தங்கம் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய பிள்ளை த-ங்-க-ம் என்று தடுமாறி, இரண்டாம் முறை தானே திருத்திக்கொள்ளும். கேட்டே இராத சொல் என்றால் எதை வைத்துத் திருத்தும்? இதனால்தான் தினமும் பத்து நிமிடம் நீங்கள் கதை வாசித்துக் காட்டுங்கள் என்று கெஞ்சுகிறேன். கதை சொல்வது வேறு, அதுவும் நல்லதுதான். நான் கேட்பது புத்தகத்தைப் பார்த்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி வாசிப்பது. 'சென்றது', 'கூறியது' எல்லாம் வீட்டில் காதில் விழாத சொற்கள், நம் வாயிலிருந்துதான் விழ வேண்டும். பிள்ளையின் வாசிப்பு நிலைக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. தயவுசெய்து பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். கிழிந்தால் கிழியட்டும்.

2022 முதல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். நிலை தெரிவது நல்லதுதான். ஆனால் "அவன் அரும்பு டீச்சர்" என்று பிள்ளைகளே பட்டம் கட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர்களை நம்மோடு வைத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் காலையில் ஒரு பெண் குழந்தை ஓடிவந்து, "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்றாள். அப்படியே கரும்பலகையில் எழுதினேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, பேச்சுத் தமிழையா எழுதுவது என்று முகம் சுளித்தார். எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளைகள்கூட அந்த வரியை வாசித்துவிட்டார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியும் அல்லவா. மறுநாள் அதன் கீழே, 'எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது' என்று எழுதினேன். ரெண்டு இரண்டானதையும் போட்டுச்சு போட்டது ஆனதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "டீச்சர், புத்தகத்துக்குள்ள இருக்கிற ஆடு இப்படித்தான் குட்டி போடுமா?"