ரீசெட் செய்யும் முன் ரவுட்டரின் வான் (WAN) ஐபியைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே! வைஃபை சிக்னல் முழுசாக இருக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. உடனே ஊசியை எடுத்து ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் குத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெட் கம்பெனியில் லாகின் ஆவதற்கான பிபிபிஓஇ (PPPoE) யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். இருந்த சிக்கலோடு புதுச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் கேபிள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். தனி நிறத்தில் இருக்கிறதே, இதுதான் வான் போர்ட், வெளியிலிருந்து நெட் வரும் வழி. மோடத்திலிருந்து வரும் கேபிள் இங்கேதான் வர வேண்டும். பக்கத்தில் வீட்டுக் கருவிகளுக்காக உள்ள லேன் (LAN) போர்ட்டில் மாட்டினாலும் விளக்கு எரியும், அதை நம்பிவிடாதீர்கள். அப்புறம், முனையில் உள்ள இந்த பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் பிடிமானமில்லாமல் நழுவும், மாற்றிவிடுங்கள். உள்ளே 8 கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 4 போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்தால் நெட் வரும், வேகம் மட்டும் 100ஐத் தாண்டாது. பழியோ பிளான் மேல் விழும்!

கேபிள் சரியா? இப்போது பிரவுசரில் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து வான் ஐபியை, அதாவது வான் போர்ட் வழியாக ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். பழுது எந்தப் பக்கம் என்று அந்த ஓர் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.

0.0.0.0 என்று இருந்தால் ரவுட்டருக்கு முகவரியே வரவில்லை. பிபிபிஓஇ இணைப்பென்றால் யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபாருங்கள். கேபிள் மோடம் (கேபிள் டிவி லைனில் வரும் இணைப்பு) என்றால் வேறு விஷயம்: முதலில் பார்த்த கருவியின் மேக் (MAC) முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணைப் பல மோடங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும், புது ரவுட்டரை மாட்டினால் கண்டுகொள்ளாது. இரண்டையும் அணையுங்கள். மோடத்தை மட்டும் போட்டு, விளக்குகள் நிலையாக எரியும்வரை பொறுத்திருந்து, பிறகு ரவுட்டரைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால், மோடம் தயாராகும் முன்பே ரவுட்டர் முகவரி கேட்டுவிட்டு நிற்கும்.

192.168 என்று தொடங்கினால் மோடமே ரவுட்டர் வேலையையும் பார்க்கிறது. இரண்டுக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி இருந்தால் கண்டிப்பாகக் குழப்பம்தான். ரவுட்டரை 192.168.2.1க்கு மாற்றுங்கள், அல்லது மோடத்தை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் இருக்கும் நிலை) போடுங்கள். ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு நான் சொல்வது பிரிட்ஜ்தான்.

முகவரி ஒழுங்காக வந்தும் பக்கம் திறக்கவில்லையா? தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை (DNS) 8.8.8.8 அல்லது 1.1.1.1க்கு மாற்றிப் பாருங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம்; வெளியிலிருந்து வரும் ஒளியே கிடைக்கவில்லை. புகார் கொடுக்கும்போது, "எல்ஓஎஸ் சிவப்பு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி நேரம் கடத்த மாட்டார்கள்.