சங்க யாப்பைத் திருத்த உறுப்பினர் மனு: தள்ளுபடியாகாமல் எழுதுவது எப்படி?

[திரை: மேசையில் மடிப்புக் கலைந்த யாப்புப் புத்தகம். பக்கத்தில் கையொப்பத் தாள்கள்.]

திருகோணமலை மாவட்டத்தில் 180 உறுப்பினர் உள்ள ஒரு தொழில்சார் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைவர் பல தவணையாக அதே ஆள். தேர்தலை நடத்துவதும் பதவியில் இருக்கிற நிர்வாகசபைதான். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து உறுப்பினர்கள் வந்து சேருவதற்குள் பாதிக் கூட்டம் முடிந்துவிடுகிறது. இதை மாற்ற யாப்பை, அதாவது சங்கத்தின் அடிப்படை விதிகளை, திருத்தச் சொல்லிக் கேட்கிற மனுக்கள் நியாயமானவைதான். அவற்றைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எண்ணிக்கைப் பிழையும் சொற்பிழையும்.

[திரை: "சங்கம் எதன் கீழ் பதிவு?"]

முதலில் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். தொழிற்சங்கமென்றால் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் பொருந்தும். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியென்றால் (பங்குகளுக்குப் பதில் உறுப்பினர் தரும் உத்தரவாதத்தில் நிற்பது) 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் போன்றவற்றுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அதன் இலக்கம் 1968இன் 17. அப்படிப்பட்ட இடத்தில் பொதுக்கூட்டம் மாற்றக்கூடியது விதிகளை மட்டுமே. சட்டத்தில் எழுதியிருப்பதை மாற்றப் பாராளுமன்றம்தான் வேண்டும். பதிவே இல்லாத சங்கத்துக்கு அதன் யாப்புத்தான் எல்லாம்.

[திரை: 180 → 134 → 14]

இனிக் கணக்கு. இங்கேதான் அதிக மனுக்கள் விழுகின்றன, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

180 பேரில் 46 பேர் சந்தா நிலுவை. நிலுவைக்காரருக்கு வாக்குரிமை இல்லையென்று யாப்புச் சொன்னால், எஞ்சுவது 134. விசேட பொதுக்கூட்டம் கேட்கப் பத்தில் ஒரு பங்கு தேவையென்றால் 13.4, அதாவது 14 பேர். கம்பனிகள் சட்டமும் மொத்த வாக்குகளில் 10 சதவீதத்தைத்தான் கேட்கிறது. 14 கையொப்பத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒருவரின் சந்தா பிந்தியிருந்தாலே மனு செல்லாது. 25 வாங்குங்கள். வாங்கும்போதே கடைசிச் சந்தாப் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, திருத்தம் நிறைவேற என்ன பெரும்பான்மை வேண்டும் என்பது. "சமுகமளித்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று" என்றிருந்தால், 61 பேர் வாக்களிக்கும்போது 46 வாக்கு வேண்டும். 45 கிடைத்தால் தோல்வி. "மொத்த உறுப்பினரில் நான்கில் மூன்று" என்றிருந்தால், வாக்குரிமையுள்ள 134 பேரை வைத்துப் பார்த்தாலே 101 வேண்டும். மண்டபத்தில் 61 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஒருமனதாகக் கை தூக்கினாலும் பயனில்லை. அப்படிப்பட்ட யாப்பில் பதிலாள் வாக்குக்கோ (வராதவர் சார்பில் இன்னொருவர் போடும் வாக்கு) தபால் வாக்குக்கோ இடமுண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆள் சேர்க்கும் வேலையை மாதக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும்.

[திரை: இரண்டு பத்தி. இடப்பக்கம் "இப்போதுள்ளது", வலப்பக்கம் "திருத்தம்"]

"நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை வேண்டும்" என்று எழுதினால் அது முறைப்பாடு. அதை வாக்கெடுப்புக்கு விட முடியாது. பிரிவின் இலக்கத்தைப் போட்டு, பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இப்போதுள்ளது: "நிர்வாகசபையின் பதவிக்காலம் இரண்டு வருடங்களாகும்."

சேர்க்க வேண்டியது: "தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் எதனையும் தொடர்ச்சியாக இரண்டு தவணை வகித்தவர், அடுத்த ஒரு தவணை முடியும்வரை இம்மூன்று பதவிகளில் எதற்கும் போட்டியிட முடியாது. ஒரு தவணையில் பாதிக்கு மேல் வகித்தால் அது முழுத் தவணையாகக் கொள்ளப்படும்."

"இம்மூன்று பதவிகளில் எதற்கும்" என்ற சொற்களை எடுத்துவிட்டால் தலைவர் அடுத்த தவணை செயலாளராவார், அதற்கடுத்து மறுபடி தலைவராவார். "பாதிக்கு மேல்" என்ற வரி இல்லாவிட்டால் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது இராஜினாமாச் செய்துவிட்டு, தவணை முடியவில்லை என்பார்கள். ஏற்கெனவே வகித்த தவணைகள் கணக்கில் சேருமா என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் முதல் தேர்தலிலேயே சண்டை.

ஒவ்வொரு திருத்தத்தையும் தனித் தீர்மானமாக வையுங்கள். பதவிக்கால வரம்பு, சுயாதீன தேர்தல் குழு, கிளைவாரி வாக்களிப்பு மூன்றையும் ஒன்றாகக் கட்டினால், ஒன்றைப் பிடிக்காதவர் மூன்றுக்கும் எதிராக வாக்களிப்பார்.

மொழியையும் கவனியுங்கள். பதிவு செய்த யாப்பு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் திருத்த வாசகமும் அந்த மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பைக் கூடவே இணையுங்கள். நம் மாவட்டச் சங்கங்களில் மூன்று மொழிக்காரரும் இருக்கிறார்கள். எதற்கு வாக்களிக்கிறோம் என்பது எல்லாருக்கும் விளங்க வேண்டும்.

[திரை: கையொப்பத் தாள்]

கையொப்பத் தாள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் கோரிக்கை முழுமையாக இருக்கட்டும். வெறும் பெயர்ப்பட்டியலைப் பின்னால் கோத்தால், "எதற்குக் கையொப்பமிட்டார்கள்?" என்ற ஒரே கேள்வியில் தள்ளிவிடலாம். பெயர், அங்கத்துவ இலக்கம், திகதி, கையொப்பம் போதும். வட்சப்பில் வந்த "சம்மதம்" கையொப்பமாகாது.

இரண்டு பிரதி எடுத்து, செயலாளரிடம் நேரில் கொடுத்துத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அன்றே பதிவுத்தபாலிலும் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கம்பனியென்றால் மனு போய்ச் சேர வேண்டியது அந்தக் கம்பனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்துக்கு. அது கொழும்பில் இருந்தால் கொழும்புக்குத்தான். கிளைச் செயலாளரிடம் கொடுத்தது கணக்கில் வராது.

[திரை: நாட்காட்டி]

கூட்டத் திகதி நிர்வாகசபையின் கையில் இருந்தாலும், மனுவிலேயே யோசனை சொல்லலாம். வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை தேவாலயம், கோணேசர் ஆலயத் திருவிழா நாட்கள் எல்லாவற்றையும் தவிருங்கள். நிகழ்ச்சிநிரலில் முன்னைய கூட்ட அறிக்கைக்கு அடுத்ததாகவே திருத்தங்களை எடுக்கும்படி எழுதிக் கேளுங்கள். கடைசியில் வைத்தால் மூதூர், வெருகல் ஆட்கள் பஸ் பிடிக்க எழும்பிவிடுவார்கள். 134 பேரில் மூன்றிலொன்று கூட்ட நடப்பெண் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) என்றால் 45. 44 பேர் மட்டும் எஞ்சியிருந்தால் அன்றைக்குத் தீர்மானமே இல்லை.

வாக்கெடுப்பில் "பெரும்பான்மையால் நிறைவேறியது" என்று மட்டும் குறிக்க விடாதீர்கள். சமுகமளித்தோர், ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை ஆகிய நான்கு எண்களும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். அறிவித்தலில் இல்லாத புதுத் திருத்தத்தை மேடையில் வைத்துச் சேர்க்கவும் இடம் கொடுக்காதீர்கள். வராத உறுப்பினர் ஒருவர் அதை வைத்தே முழுத் தீர்மானத்தையும் கேள்விக்குட்படுத்தலாம்.

நிறைவேறிய பின், சான்றுப்படுத்திய பிரதி தொழிற்சங்கமென்றால் தொழிற்சங்கப் பதிவாளருக்கும், கம்பனியென்றால் கம்பனிப் பதிவாளருக்கும் போக வேண்டும். அனுப்பிய கடிதத்தின் பிரதியை, மனுவில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.