புல்லின் உயரத்திலிருந்து

(காட்சி: பச்சைப் புல்வெளி. ஒரு கரடி, கால்களை அசைக்காமல், குட்டிக்கரணம் போட்டபடி உருண்டு வருகிறது.)

வணக்கம். கரடி இப்படியா நடக்கும்? முதல்முறை பார்க்கிற எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். 2017-இல் வெளிவந்த ‘எவ்ரிதிங்’ என்ற வீடியோ கேம் இது. உருவாக்கியவர் அயர்லாந்துக் கலைஞர் டேவிட் ஓரைலி. இதில் புள்ளிகள் கிடையாது, வெற்றி தோல்வியும் கிடையாது. கரடியாக இருப்பவர் பக்கத்து மரமாக மாறலாம். அங்கிருந்து இறங்கினால் புல், மகரந்தம், அணு. ஏறினால் தீவு, கோள், விண்மீன் மண்டலம். போகிற வழியில் கல்லும் செடியும்கூடத் தம் மனதில் ஓடுவதைச் சொல்லும்.

(காட்சி: இரவு வானம். பின்னணியில் ஒரு முதியவரின் குரல்.)

இந்தக் குரல் ஆலன் வாட்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞருடையது. 1973-இல் காலமானவர். அவருடைய பழைய சொற்பொழிவுப் பதிவுகளைத்தான் விளையாட்டின் இடையிடையே கேட்கிறோம். பூ இல்லாமல் தேனீ இல்லை, தேனீ இல்லாமல் பூ இல்லை, அதனால் இரண்டையும் ஒரே உயிராகப் பார்க்கலாம் என்பது அவர் சொல்லிவந்த கருத்து.

கருத்தாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். விளையாடும்போது அப்படிப் போக முடியவில்லை. மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, என் அக்கா மகன் அரைமணி நேரம் கரடியை உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு புல்லாக இறங்கினான். சற்றுமுன் தரையோடு தரையாகக் கிடந்த புல்லெல்லாம் இப்போது அவனைச் சுற்றிக் காடாக நின்றது. சத்தமே இல்லை. நீட்டியிருந்த கால்களை மெதுவாக மடக்கிக்கொண்டான். “மாமா, இவ்வளவு நேரம் இதுங்க மேலதான் உருண்டோமா?”

தமிழ்ப்பள்ளியில் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைப் படித்தோம். கொடைக்காக அவனைப் புகழ்ந்தார்கள், சரி. தேரில் போகிற ஓர் அரசன், பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தவித்த கொடியை எப்படிக் கவனித்தான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கொடுப்பதற்கு முன்னால் கண்ணில் பட வேண்டும். இந்த விளையாட்டு நம் கண்ணைக் கொண்டுபோய் அந்த உயரத்தில் வைக்கிறது. ஒருவரை ஒரே நாளில் இரக்கமுள்ளவராக மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கும் இடத்தை மாற்றுகிறது, அதுவே எனக்குப் பெரிது.

(காட்சி: பினாங்குத் தாவரவியல் பூங்கா, காலை நேரம்.)

1884-இல் தொடங்கிய பூங்கா. நுழைவுச் சாலையில் நாகலிங்க மரங்கள், அடிமரத்திலேயே பூத்து நிற்கின்றன. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே கூட்டிப் போனேன். எப்போதும் குரங்கு பார்க்க ஓடுகிறவன், கீழே விழுந்த ஒரு பூவின் முன்னால் குந்திவிட்டான். படம் விரித்த பாம்பு போன்ற அதன் நடுப்பகுதிக்கு அடியில் இரண்டு எறும்புகள் போய் வந்துகொண்டிருந்தன. பின்னால் நடந்து வந்த ஒரு பாட்டியிடம், “கொஞ்சம் சுத்திப் போங்க பாட்டி, உள்ளே ஆள் இருக்கு” என்றான். பாட்டியும் சுற்றிப் போனார்.